எட்டு-பி உட்கார்ந்த விதம்

பச்சை மை டீச்சர் வகுப்புக்குள் காலெடுத்து வைத்தால் மின்விசிறிகூட அனுமதி கேட்டுத்தான் சுற்றும். அவர் ஒருமுறை தொண்டையைச் செருமியதில் இரண்டு தெரு தள்ளிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாய்கள் வாலைச் சுருட்டிக்கொண்டு உயர வரிசைப்படி நின்றன. புயல் கரையைக் கடக்கும் முன் அவருடைய வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கடக்கும். இனி எங்காவது போர் மூண்டால் இவரை நடுவில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தால் போதும். இரண்டு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டு வாயில் விரலை வைத்துவிடும்.

இதில் ஒரே ஒரு சின்னக் குறை. எட்டு-பியில் மட்டும் இதெல்லாம் செல்லுபடியாகவில்லை.

திருத்துவதற்குச் சிவப்பு மை வேண்டாம், பிள்ளைகளுக்குக் காயம் பட்ட மாதிரி இருக்கும் என்று பச்சை மையில் திருத்துவார். அதனால் அந்தப் பெயர். நாற்பத்தைந்து வயதில் டீச்சர் ஆனவர். அதற்கு முன் பதினான்கு வருடம் ஒரு மருத்துவமனையில் டோக்கன் கவுன்டரில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு "எண் முப்பத்தேழு" என்பார், முப்பத்தேழு எழுந்து போகும். "எண் முப்பத்தெட்டு" என்பார், அதுவும் போகும். சாப்பாட்டு இடைவேளையில் கவுன்டருக்கு அடியில் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படித்து, தபால் வழியில் பட்டம் வாங்கி, பரீட்சை எழுதி, இந்தப் பள்ளிக்கு வந்து சேர்ந்தார். ஒரு வருடம் தற்காலிகம். அதன் பிறகுதான் வேலை நிலைக்குமா நிலைக்காதா என்று சொல்வார்கள்.

இவ்வளவும் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும் என்றால், டீச்சரின் வீட்டுக்காரர்தான் பள்ளி வேன் ஓட்டுகிறவர். நல்ல மனுஷன். வண்டி சொன்ன இடத்தில் நிற்கும், அவர் வாயில் எதுவும் நிற்காது. காலையில் டீச்சர் வீட்டில் என்ன நடந்ததோ அது முதல் மணி அடிப்பதற்குள் எட்டு-பிக்கு வந்துவிடும். வேன் மாமா சொன்னதிலேயே எல்லோருக்கும் பிடித்த கதை டோக்கன் கதைதான்.

"எரநூறு பேர் கூச்சல் போடுற இடம்," என்பார் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே. "நம்பரக் கூப்டதும் எல்லாரும் தன் கையில இருக்கிற சீட்டப் பார்ப்பாங்க. காது கேக்காதவங்க மட்டும் சீட்டப் பார்க்க மாட்டாங்க, அடுத்தவங்க மூஞ்சியப் பார்ப்பாங்க. என்ன சொன்னாங்கன்னு மூஞ்சியிலேருந்து புடிக்கணும்ல. உங்க மிஸ் அத வச்சே கண்டுபுடிச்சு எந்திரிச்சுப் போயி தோளத் தொட்டுக் கூட்டிட்டுப் போவா. அவ கண்ணுலேருந்து ஒருத்தர் தப்ப முடியாது."

எட்டு-பியிலிருந்து எல்லோரும் தப்பினார்கள்.

எட்டு-பியின் ஆயுதத்துக்கு மோட்டார் என்று பெயர். வாயை மூடிக்கொண்டு, முகத்தைப் புத்தகத்தில் வைத்துக்கொண்டு, மூக்கால் "ம்ம்ம்" என்று இழுப்பதுதான் மோட்டார் போடுவது. ஒருவர் போட்டால் கொசு. முப்பத்துநான்கு பேர் போட்டால் மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏறுகிற சத்தம். யாரும் உதட்டை அசைக்க மாட்டார்கள். டீச்சர் இடது பக்கம் நடந்தால் இடது பக்கம் அணையும், வலது பக்கம் ஏறும். இந்த மோட்டாரால் முந்தின வருடம் மூன்று டீச்சர்கள் போயிருந்தார்கள். ஒருவர் மாற்றல் வாங்கினார், ஒருவருக்குக் காய்ச்சல் வந்து குணமாகவே இல்லை, ஒருவர் இதற்குக் கல்யாணமே பரவாயில்லை என்று போய்விட்டார். மோட்டாருக்குத் தலைமைப் பொறியாளர் ரேடியோ என்கிற பெண். எட்டாம் வகுப்பை இரண்டாம் முறையாக அனுபவித்துக்கொண்டிருந்தவள். வாய் மூடாதவள் என்பதால் அந்தப் பெயர்.

நான்காவதாக வந்தவர் பச்சை மை டீச்சர்.

ஒரு வியாழக்கிழமை தலைமையாசிரியை அவரை அறைக்குக் கூப்பிட்டார். பக்கத்து வகுப்புப் பெற்றோரிடமிருந்துகூடப் புகார் வந்திருந்தது.

"உங்க வகுப்புல பாடம் நடக்குதா, மாவு மில் நடக்குதா?" என்றார் தலைமையாசிரியை.

"சரி பண்ணிடறேன் மேடம்."

"எப்படின்னு எழுதிக் குடுங்க. என்ன பிரச்சனை, என்ன காரணம், என்ன செய்யப் போறீங்க, எல்லாம் கட்டம் போட்டு. வகுப்பறை நிர்வாகத் திட்டம். ரெண்டு வாரம். அதுக்கடுத்த புதன்கிழமை முதல் பீரியட் நான் வந்து பின்னாடி உக்காருவேன். அன்னைக்குப் பார்க்கிறத வச்சுத்தான் உங்க விஷயத்துல முடிவு எழுதணும். என் கையில இல்ல டீச்சர், புரிஞ்சுக்கோங்க."

டீச்சருக்குப் புரிந்தது. டோக்கன் கவுன்டரில் அவருடைய நாற்காலியில் வேறொரு பெண் உட்கார்ந்து ஏழு மாதம் ஆகிறது. திரும்பிப் போக இடமில்லை.

முதல் வாரம் அவர் நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கித் திட்டம் எழுதத் தொடங்கினார். பன்னிரண்டு விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். மறுநாள் பதிமூன்றாவது விதி ஒன்று தானாக முளைத்திருந்தது: "மோட்டார் போடும்போது தாளம் தப்பக்கூடாது." பிறகு பழைய பழக்கத்தில் டோக்கன் முறை கொண்டுவந்தார். வெளியே போக ஒரு டோக்கன், பேச ஒரு டோக்கன், ஆளுக்கு நாளைக்கு மூன்று. அட்டையில் வெட்டி, பச்சை மையில் எண் போட்டுக் கொடுத்தார். இரண்டாம் நாளே வகுப்பில் அவர் வெட்டியதைவிட இருபத்தொரு டோக்கன் அதிகமாகப் புழங்கியது. பேச்சு டோக்கனில் ரேடியோ மட்டும் ஒரு கட்டு வைத்திருந்தாள்.

"ஆஸ்பத்திரியில எப்படிங்க அத்தன பேரும் அடங்கினாங்க?" என்று அன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டுக்காரரிடம் கேட்டார்.

"அவங்களுக்கு டாக்டர் வேணும். ஒன் சொல்லக் கேட்டாத்தான் டாக்டரு. இதுகளுக்கு ஒங்கிட்டேருந்து என்ன வேணும்னு யோசி."

"ஒன்னும் வேணாம். அதுதான் கஷ்டம்."

அவர் தட்டிலேயே கையைக் காயவிட்டு உட்கார்ந்திருந்ததாகவும், வகுப்பில் அமைதியாக இருக்கும் ஒரே ஒரு பெண்ணைப் பற்றி மட்டும் சந்தோஷமாகப் பேசியதாகவும் மறுநாள் வேனில் செய்தி.

அந்தப் பெண்ணுக்குத் தலையாட்டி என்று பெயர். எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள். புரிந்ததா என்றால் ஆட்டுவாள். பக்கம் அறுபதைத் திருப்பு என்றால் ஆட்டுவாள், கொஞ்ச நேரம் கழித்துத் திருப்புவாள். மோட்டார் ஓடும்போது அவள் மட்டும் எழுதிக்கொண்டிருப்பாள். "அவளப் பார்த்துக் கத்துக்கோங்க," என்று பச்சை மை டீச்சர் நாளைக்கு இரண்டு தடவையாவது சொல்வார். மூன்றாவது வரிசையில் ரேடியோவின் பக்கத்தில்தான் அவள் இடம். நல்ல பாலுக்குப் பக்கத்தில் எலுமிச்சம்பழத்தை வைத்த மாதிரி என்று டீச்சருக்கு அது ஓயாத உறுத்தல்.

அதனால்தான் இரண்டாம் வாரக் கடைசியில் அவருக்கு அந்த யோசனை வந்தது. விதியும் வேண்டாம், டோக்கனும் வேண்டாம். உட்காரும் இடத்தை மாற்றினால் போதும்.

திங்கட்கிழமை மாலை சமையலறை மேஜையில் பெரிய தாள் ஒன்றை விரித்துக் கட்டம் போட்டார். ஆறு வரிசை, வரிசைக்கு மூன்று பெஞ்சு, பெஞ்சுக்கு இரண்டு பேர். மோட்டார்க்காரர்கள் எல்லோரும் அவருடைய மூக்குக்கு நேரே முதல் வரிசையில். ரேடியோ மேஜையை ஒட்டினாற்போல. நம்பிக்கையானவர்கள் பின்னால். தலையாட்டி கடைசி வரிசையில், ஜன்னலோரம், தனியாக. யாரும் அவளைக் கெடுக்க முடியாத இடம்.

"தனியா உக்கார வச்சா பாவம் இல்லையா?" என்றார் வீட்டுக்காரர்.

"அவளுக்கு யாரும் தேவையில்லைங்க. அவ பாட்டுக்குப் படிப்பா."

பதினான்கு வருடம் கவுன்டருக்குள் இருந்து பார்த்த கண். தன் கிட்டே இருப்பதைத் தாளின் கீழே போட்டார், தூரத்தில் இருப்பதை மேலே போட்டார். கீழ் ஓரத்தில் அரை அங்குலம் விட்டு "ஆசிரியர் மேஜை" என்று எழுதினார். செவ்வாய்க்கிழமை மாலை பள்ளி விட்டதும், வகுப்பில் யாரும் இல்லாத நேரத்தில், கதவுக்குப் பக்கத்துச் சுவரில் அதை ஒட்டினார். ஒட்டி முடித்துக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். இரண்டு வாரத்தில் முதன்முறையாக மனசு லேசானது போலும். பேனாவை எடுத்து, "ஆசிரியர் மேஜை"க்குப் பக்கத்தில் தன்னுடைய நாற்காலியைச் சின்னதாக வரைந்தார். ஒரு கால் குட்டையாக. நிஜ நாற்காலிக்கும் ஒரு கால் குட்டை. தினமும் காகிதம் மடித்து வைப்பார், தினமும் யாராவது எடுத்துவிடுவார்கள்.

புதன்கிழமை காலை எட்டு-பி அந்தத் தாளின் முன் கூடியது. தாளின் கீழ் ஓரம், அந்த அரை அங்குலம், இல்லை. எலியாக இருக்கலாம். ஸ்கேல் வைத்துக் கடிக்கும் எலிகளும் உலகத்தில் உண்டு.

மேஜை எங்கே என்று சொல்லும் ஓரம் போய்விட்டதால் பிள்ளைகள் தங்களுக்குத் தெரிந்த மாதிரி படித்தார்கள். பிள்ளைகளுக்குத் தாளின் மேல் பக்கம் என்றால் கரும்பலகை. மேலே இருக்கிற பெயர்கள் முதல் வரிசை, கீழே இருக்கிறவை கடைசி வரிசை. மணி அடித்தது. டீச்சரும் தலைமையாசிரியையும் உள்ளே வந்தபோது எட்டு-பி வரலாற்றிலேயே முதன்முறையாக ஒழுங்காக, கைகட்டி, தலைகீழாக உட்கார்ந்திருந்தது.

மோட்டார்க்காரர்கள் அத்தனை பேரும் கடைசி வரிசையில். அவர்களுக்குப் பின்னால் போட்டிருந்த நாற்காலியில் போய்த் தலைமையாசிரியை உட்கார்ந்தார். முதல் வரிசை ஓரத்தில், டீச்சரின் கை தொடும் தூரத்தில், தலையாட்டி.

டீச்சர் சுவரைப் பார்த்தார். ஓரம் போனதைப் பார்த்தார். இப்போது எல்லோரையும் எழுப்பி மாற்றினால் அது ஒரு கூத்து. அவர் பாடத்தைத் தொடங்கினார். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே எழுதி, எழுதிக்கொண்டே தலையாட்டியைக் கேட்டார்.

"இதுக்கு விடை என்னம்மா?"

பதில் இல்லை. திரும்பினார். தலையாட்டி அவரை நிமிர்ந்து பார்த்துத் தலையாட்டினாள்.

"விடை என்னம்மா?" என்று அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"பதினெட்டு மிஸ்," என்றாள். சரியான விடை.

டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பயத்தில் இருக்கிறாள் என்று நினைத்திருப்பார். அவரே பயத்தில்தானே இருந்தார். பத்து நிமிடம் நன்றாகப் போனது. தலைமையாசிரியையின் பேனா ஏதோ எழுதியது, எழுதிய முகத்தில் கடுமை இல்லை. இன்னும் அரை மணி நேரம். அப்படியே ஓட்டிவிட்டால் வேலை நிலைத்துவிடும்.

அப்போது மோட்டார் ஓடத் தொடங்கியது.

முதலில் கொசு. பிறகு தண்ணீர் ஏறத் தொடங்கியது. தலைமையாசிரியை திடுக்கிட்டு எழுந்து கடைசி வரிசையில் ஒவ்வொரு தலைக்கு மேலும் காதைக் கொண்டுபோனார். எல்லாத் தலையும் புத்தகத்தில். எல்லா உதடும் பூட்டு. சத்தம் மட்டும் அறையெங்கும் ஏறியது. பக்கவாட்டில் சிரிப்பை அடக்கித் தோள்கள் குலுங்கின.

பச்சை மை டீச்சர் கரும்பலகைக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றார். இரண்டு வாரம் எழுதிய நாற்பது பக்கமும் அந்தச் சத்தத்தில் கரைந்துகொண்டிருந்தது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல்தான் முன்னால் பார்த்தார்.

தலையாட்டி எழுதிக்கொண்டிருந்தாள். பின் பெஞ்சுப் பெண் குலுங்கியதில் அவள் முதுகில் பலகை இடித்தபோதுதான் நிமிர்ந்து திரும்பினாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிறகு பக்கத்து பெஞ்சுப் பையனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவர்கள் சிரிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, ஒரு நொடி தாமதமாக, தானும் சிரித்தாள்.

சீட்டைப் பார்க்கவில்லை. மூஞ்சியைப் பார்த்தாள்.

டீச்சர் கையிலிருந்த புத்தகத்தைத் தூக்கித் தன் வாயை மறைத்துக்கொண்டார். புத்தகத்துக்குப் பின்னாலிருந்து, கத்தாமல், சாதாரணக் குரலில் சொன்னார்.

"நீ எந்திரிச்சு வெளிய போம்மா. இனிமே இந்த வகுப்புக்கு வராத."

தலையாட்டி அவரைப் பார்த்துச் சிரித்தாள். தலையாட்டினாள். மறுபடி எழுதத் தொடங்கினாள்.

முன்வரிசை முதலில் அணைந்தது. பிறகு நடு வரிசை. கடைசியாகக் கடைசி வரிசை. யாரும் அணைக்கச் சொல்லவில்லை. அந்த அமைதியில் மின்விசிறி சுற்றுவது கேட்டது. அறையில் ஒருத்திக்கு மட்டும் கேட்கவில்லை.

டீச்சர் மேஜையைச் சுற்றி வந்து அவள் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். தோளைத் தொட்டார். "எவ்வளவு நாளாம்மா?" என்று உதட்டைத் தெளிவாக அசைத்துக் கேட்டார். தலையாட்டியின் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாக இறங்கிப் போனது. அவள் திரும்பி, வகுப்பு முழுவதும் தாண்டி, கடைசி வரிசையைப் பார்த்தாள். பிறகு பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். மிச்ச அரை மணி நேரம் பாடம் நடக்கவில்லை.

அன்று மதியம் தலைமையாசிரியை அறையில் நடந்ததை வேன் மாமா மாலையே சொல்லிவிட்டார்.

"திட்டத்துல மோட்டார் கோஷ்டி முன்னாடின்னு எழுதியிருக்கீங்க, அங்க எல்லாம் பின்னாடி இருக்கு. ஒரு தாள ஒழுங்கா ஒட்ட முடியல. நான் இருக்கும்போதே கத்துறாங்க. பாதி பீரியட் பாடமே எடுக்கல. நான் என்னன்னு எழுத?"

"அப்படியே எழுதுங்க மேடம். அந்தப் பொண்ண மட்டும் நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். அவங்க வீட்ல பேசிட்டேன்."

தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. நிலைக்கும் என்றும் எழுதவில்லை, நிலைக்காது என்றும் எழுதவில்லை. இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்று எழுதினார்.

தான் பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்த கவுன்டருக்கு வெளியே, வரிசையில், தலையாட்டியோடு டோக்கன் வாங்கிக்கொண்டு டீச்சர் காத்திருந்தார். ஒரு காது கேட்கவே இல்லை, இன்னொன்றில் கொஞ்சமே கொஞ்சம் என்றார்கள். காதுக்குள் வைக்கும் கருவி வர நாளாகும். அன்று வேனில் திரும்பும்போது டீச்சர் வீட்டுக்காரரிடம் இரண்டே வாக்கியம்தான் பேசினாராம்: "முன்னப்பின்ன தெரியாதவங்களக் கண்டுபுடிச்சேன். இவள ஏழு மாசமா நல்ல பொண்ணுன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன்."

எல்லாம் சுபமாக முடிந்தது என்று எழுதினால் ஆண்டு மலருக்கு நன்றாக இருக்கும். ஆனால் தலையாட்டி இரண்டு வாரம் டீச்சரோடு பேசவில்லை. தன்னை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். எல்லோருக்கும் தெரிந்துபோன கோபம். வெளியே போ என்று எல்லோர் முன்னாலும் சொல்லிச் சோதித்ததைப் பிறகு யாரோ அவளுக்கு எழுதிக் காட்டியதில், அந்தக் கோபம் இரண்டு மடங்கு ஆனது. அது நியாயமான கோபம்தான் என்று டீச்சரே சொன்னாராம். மோட்டாரும் நின்றுவிடவில்லை. வியாழக்கிழமைகளில் ஓடுகிறது. நோட்டில் பழைய திட்டத்தையெல்லாம் டீச்சர் அடித்துவிட்டார். இப்போது இரண்டே வரி: பேசும்போது முகம் வகுப்பைப் பார்க்க வேண்டும். அமைதியாக இருப்பவரைத் தினம் ஒரு தடவை கேள்வி கேட்க வேண்டும். மூன்று மாதத்தில் ஒன்றரை மாதம் போய்விட்டது.

"நான் அறிந்த ஒரு மனிதர்" என்று ஆண்டு மலருக்கு எழுதச் சொன்னார்கள். கட்டுரை மேலே உள்ள வரியோடு முடிந்திருந்தது. எழுதிக் கொடுத்தவள் ரேடியோ. மூன்றாம் நாள் ஆசிரியர் அறைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது.

டீச்சர் மேஜையில் கட்டுரை விரிந்திருந்தது. ஓரமெல்லாம் பச்சை. ஓர் இடத்தில் மட்டும் இரண்டு கோடு.

"நாய் வரிசையில நின்னதாம்," என்றார் டீச்சர்.

"சும்மா ஒரு இதுக்கு மிஸ்."

"அது இருக்கட்டும். இத வாசி."

ரேடியோ வாசித்தாள். குட்டைக் கால் நாற்காலி.

"வகுப்புல யாரும் இல்லாத நேரம்னு நீயே எழுதியிருக்க. நான் வரைஞ்சத வேன் மாமாகிட்டகூடச் சொல்லல. கேட்டுட்டேன், அவருக்குத் தெரியாது. காலையில அந்தத் துண்டே இல்ல. அப்புறம் படத்துல நாற்காலிக்கு ஒரு கால் குட்டைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ரேடியோவுக்கு வாழ்க்கையில் முதன்முறையாகப் பேச டோக்கன் தீர்ந்துபோனது.

"எலி எங்க?" என்றார் டீச்சர்.

"எந்த எலி மிஸ்?"

"ஸ்கேல் வச்சுக் கடிக்குமே, அது."

ரேடியோ ஜியோமெட்ரி பாக்ஸைத் திறந்தாள். காம்பஸுக்கு அடியில் மடித்து வைத்திருந்த அரை அங்குலத் துண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஆசிரியர் மேஜை. குட்டைக் கால் நாற்காலி.

"தலையாட்டியக் கடைசி வரிசையில தனியா போட்டுட்டீங்க மிஸ். நான் பக்கத்துல இருந்தா பக்க நம்பர் பெஞ்சுல எழுதிக் காட்டுவேன். அங்க போனா யார் காட்டுவா? முன்னாடின்னா உங்க வாயப் பார்த்தே புடிச்சுக்குவா."

"எங்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல?"

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா மிஸ். சொல்லக்கூடாதுன்னுதான் வாங்கினா. கிழிக்கக்கூடாதுன்னு வாங்கல."

டீச்சர் அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். கோபமா வேறெதுவுமா என்று கண்டுபிடிக்க முடியாத முகம். பிறகு அதைக் கட்டுரைக்குள் வைத்து மூடினார்.

"எலி இருக்கட்டும், அடிக்காத. இதையும் சேர்த்து எழுதிக் கொண்டா."

ரேடியோ தப்பித்தோம் என்று கதவு வரை போய்விட்டாள்.

"நில்லு. மேடம் வந்த அன்னைக்கு மோட்டார யார் ஆரம்பிச்சது? அதனாலதான் எனக்கு இந்த மூணு மாசம்."

ரேடியோ திரும்பி நின்று தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை, அப்படி ஓர் ஆட்டம்.

"அந்த ஆட்டமெல்லாம் இனிமே எங்கிட்ட ஆகாது," என்றார் பச்சை மை டீச்சர். "வாயத் திறந்து சொல்லு."